ஹைடா எர்மின்: மரபணுத்தொகையைப் படித்துவிட்டால் புதிய சிற்றினம் ஆகிவிடுமா?

வாசகர் ஒருவரின் கேள்வி, 3 நவம்பர் 2023

வட அரைக்கோளத்தின் குளிர்நாடுகள் முழுவதிலும் எர்மின் என்ற ஒரே வீசல்தான் (கீரியைப் போல உடல் மெலிந்து நீண்ட சிறிய ஊனுண்ணி) இருப்பதாக இவ்வளவு காலமும் படித்து வந்தோம். 2021இல் சிலர் அதன் மரபணுத்தொகையை, அதாவது டிஎன்ஏ முழுவதையும், வரிசைப்படுத்திப் பார்த்துவிட்டு, ஒன்றல்ல, மூன்று சிற்றினங்கள் என்கிறார்கள். ஹைடா எர்மின் என்ற மூன்றாவது சிற்றினம் மற்ற இரண்டும் கலந்து உருவானது என்றும், வட அமெரிக்காவின் மேற்குக் கரையை ஒட்டிய சில தீவுகளில் மட்டுமே வாழ்கிறது என்றும் சொல்கிறார்கள். வரிசைப்படுத்தும் செலவு குறையக் குறையப் பிரித்துப் பெயர் வைக்கும் ஆசை கூடுகிறது என்பதே என் வாதம். கலப்பினத்தைக் கலப்பினம் என்று சொல்லாமல் எதற்குச் சிற்றினம் என்று உயர்த்த வேண்டும்?

4 நவம்பர் 2023, காலை

பெயர் வைக்கும் ஆசை என்ற குற்றச்சாட்டை முதலில் எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் அது தேதிகளின் முன்னால் நிற்காது. 2021இல் ஜோஸ்லின் கொலெல்லா, ஜோசப் குக் முதலியோர் வெளியிட்ட ஆய்வில் எந்தப் புதுப்பெயரும் உருவாக்கப்படவில்லை. யூரேசியாவிலும் அலாஸ்காவிலும் உள்ளவற்றுக்கு 1758இல் லின்னேயஸ் தந்த எர்மினியா என்ற பெயரே நீடிக்கிறது. வட அமெரிக்காவின் எஞ்சிய பெரும்பகுதியில் உள்ளவற்றுக்கு 1838இல் பொனபார்ட் தந்த ரிச்சர்ட்சோனி என்ற பெயர் மீட்கப்பட்டது. தீவுகளில் உள்ளவற்றுக்கு ஹைடாரம். இந்த மூன்றாவது பெயரை 1898இலேயே எட்வர்ட் பிரிபிள் கொடுத்துவிட்டார். அதுவும் துணையினமாக அல்ல, தனிச் சிற்றினமாகவே கொடுத்தார். அவர் கையில் இருந்தவை தோலும் மண்டையோடும் மட்டுமே.

பின்னர் 1944இல் ரேமண்ட் ஹால் அமெரிக்க எர்மின்களை எல்லாம் யூரேசிய எர்மினோடு ஒரே சிற்றினத்தில் அடக்கினார். அதே ஆண்டில் தென்கிழக்கு அலாஸ்காவின் தீவுகளிலிருந்து நான்கு புதிய துணையினங்களையும் அவரே விவரித்தார். ஒரு கையால் ஒன்றுசேர்த்து மறுகையால் பிரித்தார் என்றும் சொல்லலாம். ஆகவே வரலாறு இப்படிப் போகிறது: 1898இல் சிற்றினம், 1944இல் துணையினம், 2021இல் மறுபடியும் சிற்றினம். கருவி மலிவானதால் நேர்ந்த கதையாக எனக்கு இது படவில்லை.

4 நவம்பர் 2023, இரவு

இடம் தெரியாமல் இந்த விவாதம் புரியாது என்பதால் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஹைடா குவாய் என்பது கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாநிலத்தின் நிலப்பகுதிக்கு மேற்கே, ஹெக்கட்டே நீரிணைக்கு அப்பால் இருக்கும் தீவுக்கூட்டம். 2010 வரை குயின் ஷார்லட் தீவுகள் என்ற பெயர் வழக்கில் இருந்தது. அதற்கு வடக்கே டிக்சன் நுழைவாயில் என்ற கடற்பரப்பு. அதைத் தாண்டினால் அமெரிக்காவுக்குச் சொந்தமான அலெக்சாண்டர் தீவுக்கூட்டம். அதன் தென்பகுதியில் பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ் என்ற பெரிய தீவு. ஹைடா எர்மின் இந்த இரு பக்கங்களிலும் உண்டு.

6 நவம்பர் 2023

மாதிரிகள் எங்கிருந்து வருகின்றன என்று கேட்டிருக்கிறார்கள். இதில் எனக்கு நேரடிப் பழக்கம் உண்டு. கனடாவில் ஓர் அருங்காட்சியகத்தின் பாலூட்டிப் பிரிவை ஒட்டிய ஆய்வுக்கூடத்தில் சில காலம் தொழில்நுட்பப் பணியாளராக இருந்தேன்.

எர்மினைத் தேடிக் காட்டுக்குள் போனால் அது கண்ணில் படாது. மாதிரிகளில் கணிசமானவை ரோமத்துக்காகப் பொறி வைப்பவர்களிடமிருந்து வருபவை. தோலை அவர்கள் விற்றுவிடுவார்கள். உரித்த உடலை உறைய வைத்து அருங்காட்சியகத்துக்கு அனுப்புவார்கள். ஃபேர்பேங்க்ஸில் உள்ள அலாஸ்கா பல்கலைக்கழகத்தின் வடக்கு அருங்காட்சியகத்திலும், ஆல்புகெர்க்கியில் உள்ள தென்மேற்கு உயிரியல் அருங்காட்சியகத்திலும் இப்படிச் சேர்ந்த திசுக்கள் மிகக் குறைந்த வெப்பநிலையில் பாதுகாக்கப்படுகின்றன. அலாஸ்காவும் கிழக்குச் சைபீரியாவும் சேர்ந்த பெரிங்கியப் பகுதி முழுவதிலும் பல பத்தாண்டுகள் பொறுமையாகச் சேர்த்த அந்த உறைந்த துணுக்குகள் இல்லாமல் 2021ஆம் ஆண்டு ஆய்வே இல்லை. வரிசைப்படுத்தும் கருவியைப் பற்றி எல்லோரும் பேசுகிறோம், உறைபெட்டியைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

உறைந்த திசு இல்லாத இடங்களில் பழைய மாதிரிகள்தாம் கதி. பாடம் செய்த தோலின் பாதத்திலிருந்து கடுகளவு வெட்டி எடுப்போம். பழைய தோல்களில் பூச்சி வராமலிருக்க ஆர்செனிக் பூசியிருப்பார்கள் என்பதால் கையுறை போடுவது தோலைக் காப்பாற்ற மட்டுமல்ல. தோலைவிட எனக்குப் பிடித்தது மண்டையோடு. எர்மினின் மண்டையோடு ஒரு சிறிய கண்ணாடிக் குப்பிக்குள் அடங்கிவிடும். எலும்பின் மீதே கறுப்பு மையில் எண் எழுதியிருக்கும். மூக்குத் துவாரத்தின் உள்ளே சுருள்சுருளாகத் தகடு போன்ற எலும்பு உண்டு. மெல்லிய இடுக்கியை உள்ளே விட்டு அதில் ஒரு துணுக்கை ஒடித்தெடுத்தால், வெளியே பார்ப்பவருக்கு ஒன்றும் தெரியாது, அளவீடு செய்பவருக்கும் பாதகமில்லை, அதிலிருந்து டிஎன்ஏ நன்றாகவே கிடைக்கும்.

அந்த வேலையில் ஒரு சங்கடமும் உண்டு. பல மண்டையோடுகளில் கண்குழிகளுக்கு மேலே எலும்பு புடைத்து, சில இடங்களில் ஓட்டையாகவே இருக்கும். ஸ்க்ர்யாபிங்கிலஸ் என்ற உருளைப்புழு வீசல்களின் நெற்றிக் குழிகளில் குடியேறி எலும்பைச் சிதைப்பதன் தடயம் அது. ஆணின் எடை பெண்ணின் எடையைப் போல ஏறத்தாழ இருமடங்கு என்பதையும் இதோடு சேர்த்துக்கொள்ளுங்கள். மண்டையோட்டை அளந்து சிற்றினம் பிரித்த பழைய ஆய்வாளர்கள் பாலினம், வயது, புழு என்ற மூன்றையும் கழித்துவிட்டுத் தீவின் தனித்தன்மையைக் காண வேண்டியிருந்தது. பிரிபிள் சரியாகக் கண்டார் என்றே இன்று தோன்றுகிறது.

9 நவம்பர் 2023

"மைட்டோகாண்ட்ரியா டிஎன்ஏ போதாதா, முழு மரபணுத்தொகை எதற்கு?" இது நல்ல கேள்வி.

2002இல் ஃபிளெமிங்கும் குக்கும் தென்கிழக்கு அலாஸ்கா எர்மின்களின் மைட்டோகாண்ட்ரியாவைப் பார்த்து மூன்று பரம்பரைகளைக் கண்டார்கள்: பெரிங்கியப் பரம்பரை (இன்றைய எர்மினியா), கண்டப் பரம்பரை (இன்றைய ரிச்சர்ட்சோனி), தீவுப் பரம்பரை (இன்றைய ஹைடாரம்). மூன்று என்ற எண்ணிக்கை அப்போதே வந்துவிட்டது. ஆனால் மைட்டோகாண்ட்ரியா தாயிடமிருந்து மட்டுமே வருவது. தாய், தாயின் தாய், அவளுடைய தாய் என்று ஒரே கோட்டைத்தான் அது காட்டும். மற்ற முன்னோர் அனைவரும் அந்தக் கணக்கில் இல்லை. ஆண் வீசல்கள் பெண்களைவிட அதிக தூரம் அலைபவை என்பதால், ஆண்கள் வழியாக நடந்த கலப்பு மைட்டோகாண்ட்ரியாவில் பதியாமலே போய்விடும்.

இதற்கு அதே தீவுக்கூட்டத்திலேயே பேர்பெற்ற எடுத்துக்காட்டு ஒன்று உண்டு. அட்மிரல்டி, பாரனாஃப், சிச்சாகாஃப் என்ற மூன்று தீவுகளின் பழுப்புக் கரடிகளுக்கு இருப்பது துருவக் கரடிகளின் மைட்டோகாண்ட்ரியாவுக்கு மிக நெருங்கியது. அதை மட்டும் நம்பியிருந்தால் அவற்றைத் துருவக் கரடியின் கிளை என்று எழுதியிருப்போம். உட்கரு டிஎன்ஏவைப் படித்த பிறகுதான் அவை பழுப்புக் கரடிகளே என்பதும், பழைய கலப்பின் தடம் உள்ளே கிடப்பதும் தெளிவாயின.

தீவு எர்மினிலும் இதுவே நடந்தது. தனிப் பரம்பரை என்று மைட்டோகாண்ட்ரியா சொன்னது. உட்கரு மரபணுத்தொகைதான் அந்தத் தனிப் பரம்பரைக்குள் இரண்டு பக்கத்து முன்னோரும் இருப்பதைக் காட்டியது.

10 நவம்பர் 2023

மேலே எழுதியதைப் படித்துவிட்டு, "அப்படியென்றால் தந்தை வழியையும் கேட்டுச் சம்பந்தம் பேசுவதுதான் முறை" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். உட்கரு மரபணுத்தொகை இரு வீட்டாரையும் விசாரிக்கும், ஆனால் ஜாதகத்தை மட்டும் கேட்காது.

15 நவம்பர் 2023

கலப்பு நடந்தது என்பதை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள் என்று விரிவாக எழுதச் சொன்னதால் எழுதுகிறேன். கணக்கு வேண்டாதவர்கள் அடுத்த குறிப்புக்குப் போகலாம்.

கண்டத்து அமெரிக்க எர்மின் ஒன்று, தீவு எர்மின் ஒன்று, பெரிங்கிய எர்மின் ஒன்று, இவை மூன்றுக்கும் தூரத்து உறவான வேறொரு வீசல் ஒன்று என நான்கு மரபணுத்தொகைகளை அடுக்கிவைக்கிறோம். தூரத்து உறவிடம் உள்ள டிஎன்ஏ எழுத்தைப் பழையது என்றும், அதிலிருந்து மாறியதைப் புதியது என்றும் கொள்கிறோம். கண்டமும் தீவும் நெருங்கிய உறவு, பெரிங்கியம் சற்றுத் தள்ளி என்று வைத்துக்கொண்டால், புது எழுத்தைத் தீவும் பெரிங்கியமும் மட்டும் பகிரும் இடங்களும், கண்டமும் பெரிங்கியமும் மட்டும் பகிரும் இடங்களும் தற்செயலால் நேர்பவை. ஆகவே எண்ணிக்கையில் ஏறத்தாழச் சமமாக இருக்க வேண்டும். ஒரு பக்கம் தெளிவாகக் கூடினால் அந்தப் பக்கம் கலப்பு நடந்திருக்கிறது என்று பொருள். 2010இல் நியாண்டர்தால் மனிதரின் டிஎன்ஏ நம்மிடம் கலந்திருப்பதைக் காட்டியதும் இதே சோதனைதான்.

இந்தச் சோதனை கலப்பு நடந்ததா என்பதைச் சொல்லும். எப்போது என்பதைச் சொல்லாது. காலத்துக்கு வேறு வழிகள் வேண்டும். தாயிடமிருந்து வந்த பிரதியும் தந்தையிடமிருந்து வந்த பிரதியும் எங்கெங்கே எவ்வளவு வேறுபடுகின்றன என்பதை வைத்து, ஒற்றை விலங்கின் மரபணுத்தொகையிலிருந்தே முன்னோரின் எண்ணிக்கை எந்தக் காலத்தில் பெருகியது, எப்போது சுருங்கியது என்று மதிப்பிடும் முறையை 2011இல் லீயும் டர்பினும் வகுத்தார்கள். பனிப்பாறைகள் விரிந்தபோது எர்மின் கூட்டங்கள் துண்டாடப்பட்டதும், உருகியபோது மறுபடி சந்தித்துக் கலந்ததும் ஒருமுறை அல்ல, அலையலையாக நடந்ததாகக் கொலெல்லா குழுவின் 2018ஆம் ஆண்டு ஆய்வு சொல்கிறது. தீவு எர்மின் உருவானது சுமார் 3,75,000 ஆண்டுகளுக்கு முன் என்பது அடுத்த ஆய்வு தரும் மதிப்பீடு.

அந்த எண்ணை நான் பென்சிலால்தான் எழுதிக்கொள்வேன். ஒரு தலைமுறைக்கு எத்தனை எழுத்துகள் மாறுகின்றன, ஒரு தலைமுறை என்பது எத்தனை ஆண்டுகள் என்ற இரண்டு ஊகங்களைக் கொடுத்தால்தான் இந்தக் கணக்கு ஆண்டுகளாக மாறும். ஊகம் இருமடங்காகப் பிசகினால் விடையும் இருமடங்காகப் பிசகும். ஆனால் எப்படிப் பிசகினாலும் அது கடைசிப் பனியுகத்தின் உச்சத்துக்கு, அதாவது சுமார் 20,000 ஆண்டுகளுக்கு, அருகில் வந்து நிற்காது. தீவு எர்மினின் கிளை அதற்கு வெகுகாலம் முன்பே பிரிந்துவிட்டது என்ற முடிவு மட்டும் எனக்குப் போதும்.

16 நவம்பர் 2023

நேற்றைய குறிப்புக்கு ஒரு பின்சேர்க்கை. பழைய மாதிரிகளில் டிஎன்ஏ சிறுசிறு துண்டுகளாக உடைந்திருக்கும். துண்டுகளின் நுனியில் சைட்டோசின் என்ற டிஎன்ஏ எழுத்து சிதைந்து, கருவி அதைத் தைமின் என்ற வேறோர் எழுத்தாகப் படிக்கும். அந்தப் போலி மாற்றங்களை வடிகட்டாமல் மேற்சொன்ன எண்ணிக்கையில் இறங்கினால் இரண்டு பழைய மாதிரிகள் பழையவை என்ற காரணத்தினாலேயே உறவுபோலத் தோன்றிவிடும். எங்கள் கூடத்தில், எர்மினுக்கு உறவான வளர்ப்பு விலங்கு ஃபெரட்டின் 2014இல் வெளியான மரபணுத்தொகையின் மீது எர்மின் துண்டுகளைப் பொருத்திப் பார்ப்போம். ஃபெரட்டைப் போலவே இருக்கும் துண்டுகள் எளிதில் பொருந்தும், வேறுபட்டவை உதிர்ந்துவிடும். இதனால் வேறுபாடு உண்மையைவிடக் குறைவாகவே தெரியும். பிரிப்பவர்களுக்குச் சாதகமாக ஆய்வுக்கூடம் இயங்குகிறது என்று நினைக்கும் நண்பர், இந்தக் கோளாறு ஒன்றுசேர்ப்பவர்களின் பக்கமே சாய்கிறது என்பதைக் கவனிக்க வேண்டும்.

22 நவம்பர் 2023

இப்போது எனக்கே உறுத்தும் இடத்துக்கு வருகிறேன். தீவு எர்மின் மூன்றரை லட்சம் ஆண்டுகளாகத் தனித்து வாழ்கிறது என்றால், இடையில் வந்த பனியுகங்களை அது எங்கே இருந்து கடந்தது? வட அமெரிக்காவின் மேற்கை மூடிய கார்டில்லேரன் பனிப்படலம் கடலோரம் வரை வந்திருந்தது. கரையோரத்தில் பனி மூடாத திட்டுகள் எஞ்சியிருந்தன, விலங்குகள் அங்கே தங்கிப் பிழைத்தன என்பது ஒரு கட்சி. எல்லாவற்றையும் பனி வழித்தெடுத்துவிட்டது, இன்றைய விலங்குகள் பிறகு வந்து குடியேறியவை என்பது மற்றொரு கட்சி.

பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ் தீவில் ஷுகா கா என்ற குகை இருக்கிறது. அங்கே சுமார் 10,300 ஆண்டுகள் பழமையான மனித எலும்புகள் கிடைத்தன. அதைவிட மிகப் பழைய கரடி எலும்புகளும், வளையச் சீல் எலும்புகளும் கிடைத்தன. பனியுகத்திலும் அங்கே உயிர்கள் இருந்தன என்று முதல் கட்சி அதைத்தான் காட்டியது. ஆனால் 2018இல் லெஸ்னெக் முதலியோர் அந்தப் பகுதியின் பாறைகள் எப்போது பனியிலிருந்து வெளிப்பட்டன என்பதைக் கணித்தபோது, பனி மூடாதவை என்று கருதப்பட்ட சில மேற்குக்கரைத் தீவுகளைக்கூடச் சுமார் 20,000 முதல் 17,000 ஆண்டுகளுக்கு முன்பு வரை பனி மூடியிருந்ததாகத் தெரிந்தது. குகையின் எலும்புகளிலும் ஏறத்தாழ அதே காலத்தில் ஓர் இடைவெளி விழுந்தது.

அப்படியானால் எர்மின்?

23 நவம்பர் 2023

நேற்று கேள்வியோடு நிறுத்தியதற்குச் சிலர் கோபித்துக்கொண்டார்கள். என் எண்ணம் இது.

பாறையின் வயது அந்தப் பாறை நின்ற இடத்துக்குத்தான் சாட்சி. அப்போது கடல்மட்டம் இன்றைக்கு இருப்பதைவிட மிகக் கீழே இருந்தது; இன்று ஹெக்கட்டே நீரிணையின் ஆழமில்லாத அடித்தளமாகக் கிடக்கும் நிலத்தின் பெரும்பகுதி வெளியே தெரிந்தது. ஒரு வீசலுக்குக் காடு வேண்டாம். கொறித்துண்ணிகளும் ஒளிந்துகொள்ளக் கல்லிடுக்கும் போதும். ஆகவே இன்றைய தீவின் ஒரு மூலை பனியின் கீழ் இருந்தது என்பதால் அந்தப் பரம்பரை அங்கே அழிந்தது என்று சொல்லிவிட முடியாது. மறுபுறம், மரபணுத்தொகையும் இடத்தைச் சொல்வதில்லை. இந்தப் பரம்பரை மற்ற இரண்டோடு நெடுங்காலம் கலக்கவில்லை என்று மட்டுமே அது சொல்கிறது. எங்கே இருந்துகொண்டு கலக்காமல் இருந்தது என்பதை எலும்பும் மண்ணும்தான் சொல்ல வேண்டும். கரையோரத் திட்டுகள் இருந்தன என்பதற்கு எர்மினைச் சான்றாகக் காட்டுவதும், எர்மின் பிழைத்ததற்குக் கரையோரத் திட்டுகளைச் சான்றாகக் காட்டுவதும் ஒரே கட்டுரையில் நடந்தால் எனக்கு ஒவ்வாது.

2 டிசம்பர் 2023

"தீவுக்கு நீந்திப் போயிருக்கலாமே?" நீந்தும். நியூசிலாந்தில், கரையிலிருந்து ஐந்து கிலோமீட்டர் தள்ளியுள்ள காப்பிட்டி தீவில் 2010இல் எர்மின் நடமாட்டம் தெரிந்தபோது அங்கே பெரிய அமளியே நடந்தது. ஹெக்கட்டே நீரிணை அதைவிடப் பலமடங்கு அகலமானது. ஆனாலும் எர்மினின் இனப்பெருக்கத்தை அறிந்தவர்கள் இந்தச் சாத்தியத்தை அலட்சியமாக ஒதுக்க மாட்டார்கள். வளைக்குள் கண் திறக்காமல் கிடக்கும் பெண் குட்டிகளோடும் வளர்ந்த ஆண் இணைந்துவிடும். கருவுற்ற முட்டை உடனே வளராது. ஏறத்தாழ பத்து மாதங்கள் காத்திருந்து, அடுத்த வசந்தத்தில்தான் கருப்பையில் பதியும். எனவே கோடைக்குப் பிறகு தனியாக அலையும் பெண் எர்மின் அநேகமாக எல்லாமே சூல்கொண்டவை. ஒரு மரக்கட்டையில் ஒரே ஒரு பெண் கரையேறினாலும் ஒரு கூட்டம் தொடங்கிவிடும்.

இது தீவுகளை வேகமாக நிரப்பும் விலங்கு. அப்படிப்பட்ட விலங்கு கண்டத்தில் நிறைந்திருந்தும் தீவுப் பரம்பரை தனித்தே இருந்திருக்கிறது என்பதுதான் மரபணுத்தொகையில் என்னை மிகவும் வியக்கவைத்த செய்தி.

நியூசிலாந்தைச் சொன்னதால் இன்னொன்று. 1880களில் முயல்களை ஒழிக்கப் பிரிட்டனிலிருந்து கொண்டுபோய் விட்ட எர்மின்கள் அங்கே பறவைகளைத் தின்று தீர்த்துக்கொண்டிருக்கின்றன. 1950களில் பிரிட்டனில் முயல்கள் நோயால் மடிந்தபோது அங்குள்ள எர்மின்களும் வெகுவாகக் குறைந்தன. பிரிட்டனில் இன்று காணப்படாத மைட்டோகாண்ட்ரியா வகைகள் நியூசிலாந்தில் இருப்பதை 2015இல் கண்டார்கள். தாயகத்தில் தொலைந்த வகை, அழிக்க வேண்டிய இடத்தில் பத்திரமாக இருக்கிறது!

5 டிசம்பர் 2023

இந்தியாவில் உண்டா என்ற கேள்விக்கு: லடாக், காஷ்மீரின் உயர்மலைகளில் எர்மின் உண்டு. 2021ஆம் ஆண்டுப் பிரிவின்படி அது யூரேசியச் சிற்றினத்தில் சேரும். நீலகிரி மரநாய் இதே குடும்பம் என்றாலும் வேறு பேரினம்.

9 டிசம்பர் 2023

குளிர்காலத்தில் வெள்ளையாக மாறும் மரபணுவைக் கண்டுபிடித்துவிட்டார்களாமே என்று கேட்டவருக்கு: அது எர்மின் அல்ல, அதைவிடச் சிறிய வீசல், ஊனுண்ணிகளிலேயே மிகச் சிறியது. ஸ்வீடனின் தென்பகுதியில் குளிர்காலத்தில் வெள்ளையாகும் வகையும் பழுப்பாகவே இருக்கும் வகையும் சந்திக்கின்றன. 2021இல் அருங்காட்சியகத் தோல்களிலிருந்து டிஎன்ஏ எடுத்து, எம்சி1ஆர் என்ற நிறமிக்குரிய மரபணுவில் அந்த வேறுபாட்டின் வேர் இருப்பதைக் காட்டினார்கள். அமெரிக்கப் பனிமுயலில் அதே வேலையைச் செய்வது அகூட்டி என்ற வேறு மரபணு. பழுப்பாகவே இருக்கும் அதன் வடிவம் இன்னொரு முயல் சிற்றினத்திலிருந்து கலப்பினால் வந்தது.

கலப்பு என்றாலே மாசு என்று நினைப்பவர்களுக்காக முயலைச் சொன்னேன். பனி குறைவான கரையோரத்தில் பழுப்பு முயலுக்குத்தான் பிழைப்பு, அந்தப் பிழைப்பு வந்தது கலப்பினால்.

14 டிசம்பர் 2023

கேள்வி கேட்ட நண்பர் திரும்பி வந்து, "கலப்பு நடந்தது, ஒப்புக்கொள்கிறேன், பழையது, ஒப்புக்கொள்கிறேன், ஆனாலும் ஏன் சிற்றினம்?" என்று பிடித்த பிடியில் நிற்கிறார். நிற்பது நியாயமே.

வீடு வாங்கியவர்களுக்கு வில்லங்கச் சான்றுக்கும் பட்டாவுக்கும் உள்ள வித்தியாசம் தெரியும். சொத்து யார் யார் கைமாறி வந்தது, எந்த ஆண்டில் யாருக்கு எழுதிக்கொடுத்தார்கள் என்பதை வில்லங்கச் சான்று வரிசையாகச் சொல்லும். உரிமையாளர் என்று பெயர் போட்டுப் பட்டா தருவது வேறு அலுவலகம், வேறு விதிகள். மரபணுத்தொகை தருவது வில்லங்கச் சான்று. சிற்றினம் என்ற பெயர் பட்டா.

கலப்பினால் பிறந்த சிற்றினம் என்று ஒன்றை ஏற்க மூன்று சோதனைகள் வேண்டும் என்று 2014இல் ஷூமர், ரோசென்தால், ஆண்டல்ஃபாட்டோ ஆகிய மூவரும் எழுதினார்கள். பெற்றோர் இரண்டிலிருந்தும் அது இனப்பெருக்கத்தில் விலகியிருக்க வேண்டும். கலப்பின் தடயம் மரபணுத்தொகையில் இருக்க வேண்டும். அந்த விலகலை உண்டாக்கியதே கலப்பாக இருக்க வேண்டும். தீவு எர்மின் இரண்டாவதில் தெளிவாகத் தேறுகிறது. முதலாவதில் தேறுவது கடலின் உபயத்தால். மூன்றாவதில் இதுவரை தேறவில்லை, ஏனென்றால் கலந்ததனால் அது பெற்றோரோடு சேர மறுக்கிறது என்று யாரும் காட்டவில்லை; சேர வாய்ப்பே இல்லாமல் நடுவே நீர் கிடக்கிறது. 2021ஆம் ஆண்டு ஆய்வாளர்களும் இதை மறைக்கவில்லை. புறக்காரணத்தால் வலுப்பட்ட பிரிவு என்று தலைப்பிலேயே சொல்லியிருக்கிறார்கள்.

ஆகவே என் நிலை: இது தனிப் பரம்பரை, நெடுங்காலமாகத் தன் வழியே போவது, மண்டையோட்டிலும் மரபணுத்தொகையிலும் ஒருங்கே அடையாளம் தெரிவது. சிற்றினம் என்பதை ஏற்கிறேன். ஆனால் அது "கலப்பினால் பிறந்த சிற்றினம்" என்று எழுதும்போது கலப்புக்குக் கிடைக்கும் பெருமையில் பெரும்பங்கு நீரிணைக்குப் போக வேண்டும். மூலப்பொருளைக் கலப்பு தந்தது, வேலியைக் கடல் போட்டது.

15 டிசம்பர் 2023

பட்டாவிலும் போலி உண்டு என்று ஒருவர். அதற்காகத்தான் 1898, 1944, 2021 என்று பெயர்மாற்றம் நடந்துகொண்டே இருக்கிறது.

8 ஜனவரி 2024

"சிற்றினம் என்று உயர்த்தினால்தான் சட்டம் காப்பாற்றும், அதற்காகவே உயர்த்துகிறார்கள்" என்ற வாதத்தைப் பலர் எழுதிவிட்டார்கள். ஹைடா எர்மினின் விஷயத்தில் இது பொருந்தாது. கனடாவின் அருகும் உயிரினங்கள் சட்டம் துணையினத்தையும், மரபணு வகையில் தனித்த கூட்டத்தையும்கூடப் பட்டியலில் சேர்க்க இடம் தருகிறது. வெறும் துணையினமாக இருந்தபோதே, மரபணுத்தொகை ஆய்வுக்கு இருபது ஆண்டுகளுக்கு முன்னரே, ஹைடா குவாய் எர்மின் அச்சுறுத்தலுக்கு உள்ளானது என்று மதிப்பிடப்பட்டுவிட்டது.

வரிசைப்படுத்தல் உண்மையில் மாற்றியது வேறொன்றை. ஹைடா குவாயில் உள்ளதும் பிரின்ஸ் ஆஃப் வேல்ஸில் உள்ளதும் இரண்டு நாடுகளின் ஏடுகளில் இரண்டு துணையினங்களாக இருந்தன. அவை ஒரே சிற்றினத்தைச் சேர்ந்தவை என்பதும், அந்தச் சிற்றினத்தின் நடுவே டிக்சன் நுழைவாயிலில் ஒரு நாட்டெல்லை ஓடுகிறது என்பதும் இப்போதுதான் தெரிகின்றன. ஒரு கரையில் செய்யும் பாதுகாப்பை மறுகரையோடு சேர்த்து எண்ண வேண்டும் என்பதற்கு இது வலுவான காரணம்.

30 ஜனவரி 2024

அச்சுறுத்தல் எது என்று கேட்டதற்குச் சுருக்கமாக. ஹைடா குவாயில் மனிதர் கொண்டுவந்த மான்கள் காட்டின் கீழ்த்தளச் செடிகளை மேய்ந்து தீர்த்துவிட்டன. எர்மின் மறைவின்றி நடமாடும் பிராணி அல்ல. ரக்கூன்களும் எலிகளும் வந்தேறிகள். எர்மின்களின் வழக்கமான இரையான வயல் எலி வகைகள் ஹைடா குவாயில் இயல்பாக இல்லை என்பதும் நினைவிருக்க வேண்டும். ஏற்கெனவே ஒடுங்கிய பந்தியில் புதிதாகப் போட்டியாளர்கள் வந்திருக்கிறார்கள். பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ் தீவில் 1930களில் ரோமத் தொழிலுக்காக, வீசல் குடும்பத்தைச் சேர்ந்த மார்ட்டென் என்ற விலங்குகளைக் கொண்டுபோய் விட்டார்கள். விலங்குகளை இப்படித் தீவுக்குத் தீவு மாற்றி விடுகிறவர்கள் எர்மினுக்கும் அதைச் செய்தால், அந்தக் கணத்தோடு மேலே பேசிய வரலாறு முழுவதும் கலங்கிவிடும்.

20 பிப்ரவரி 2024

இனி எதை வரிசைப்படுத்தினால் இந்தச் சச்சரவு தீரும் என்று கேட்டிருக்கிறார்கள். இன்னும் அதிகமாகத் தீவு எர்மினை அல்ல என்பதே என் பதில். தென்கிழக்கு அலாஸ்காவின் நிலப்பகுதியில், ஃபியார்டுகளுக்கும் (கடல் உள்ளே நுழைந்த குறுகிய பள்ளத்தாக்குகள்) மலைகளுக்கும் இடையே, பெரிங்கியப் பரம்பரையும் கண்டப் பரம்பரையும் இன்றும் சந்திக்கின்றன. அங்கே பள்ளத்தாக்கு பள்ளத்தாக்காக மாதிரி சேர்த்தால், கலப்புக் குட்டிகள் தழைக்கின்றனவா, ஆண் கலப்பும் பெண் கலப்பும் ஒரே அளவில் பிழைக்கின்றனவா, எந்த மரபணுப் பகுதிகள் எல்லையைத் தாண்டாமல் நின்றுவிடுகின்றன என்பதெல்லாம் தெரியவரும். கடல் இல்லாத இடத்திலும் கலப்புக்கு ஒரு தடை இருக்கிறதென்றால் மூன்றாவது சோதனையைப் பற்றிப் பேசத் தொடங்கலாம். இல்லையென்றால் நண்பரின் கட்சிக்கு ஒரு புள்ளி.

ரோமத்தைச் சிக்கவைத்து எடுக்கும் குழாய்ப் பொறிகளால் விலங்கைக் கொல்லாமல் மாதிரி கிடைக்கும் என்பது உண்மையே. தனித்தனி விலங்குகளை அடையாளம் காண அது போதும். முழு மரபணுத்தொகையை ஆழமாகப் படிக்க முடிக்கற்றையில் கிடைக்கும் டிஎன்ஏ பெரும்பாலும் போதாது. எனவே எர்மின் ரோமத்துக்கு விலை போகும் வரை, பொறிக்காரர்களிடம் உரித்த உடலைக் கேட்டு வாங்கி, எடுத்த இடத்தையும் நாளையும் தவறாமல் எழுதிவைப்பதே நடைமுறைக்கு ஏற்ற வழி. எங்கள் கூடத்துக்கு "பெட்டர்ஸ்பர்க் அருகே" என்று மட்டும் எழுதிய சீட்டோடு உடல்கள் வந்ததுண்டு. அந்த ஊர் ஒரு தீவில் இருக்கிறது. அதன் அருகே என்றால் தீவா, கண்டமா என்று ஒருவராலும் சொல்ல முடியவில்லை. அந்த மாதிரிகளை நாங்கள் வரிசைப்படுத்தவில்லை.